ஃபார்மட் செய்யச் சொல்லிவிட்டார்கள், அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

அக்கா, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டில் இருப்பது 2017இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திறந்தால் திரை வருவதற்கே வெகுநேரம் ஆகிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 11 போட்டால் சரியாகிவிடும்" என்றார்களாம். அதில் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா தட்டச்சு செய்து வைத்த கோயில் கணக்கு இருக்கிறது, தோட்டம் கைமாறுவதற்கு முன் எடுத்த லயத்துப் படங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகளின் படங்கள்) இருக்கின்றன, மகளின் எஸ்பிஎம் தேர்வுப் பாடக் குறிப்புகளும் இருக்கின்றன. "மை டாக்குமென்ட்ஸை மட்டும் பெண்ட்ரைவில் ஏற்றினால் போதுமா?" என்பது உங்கள் கேள்வி.

போதாது. அதைவிட முக்கியமாக, அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவே, அதாவது முழுவதும் அழிக்கவே, வேண்டாம். புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள், விண்டோஸை அதில் போடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி அலமாரியில் வையுங்கள். உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்கு வைரஸ் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், முள் நகர்ந்து தேட வேண்டும். விண்டோஸ் 10 பின்னால் ஓயாமல் நூறு சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடிக்கொண்டே இருப்பதால் அந்த முள்ளுக்கு ஓய்வே இல்லை. ரேம் 4 ஜிபி மட்டும் என்பதால், இடம் போதாத ஒவ்வொரு முறையும் அதே டிஸ்க்கைத்தான் நினைவகமாகவும் பயன்படுத்துகிறது. ஃபார்மட் செய்தால் சில வாரங்களுக்கு வேகமாகத் தெரியும், அப்புறம் பழைய கதைதான். எஸ்எஸ்டி ஒன்றும் கூடுதலாக 4 ஜிபி ரேமும் போட்டால் அதே கணினி இன்னும் பல வருடம் உழைக்கும்.

பழைய டிஸ்க்கைத் தொடாமல் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. எவ்வளவு கவனமாக நகல் எடுத்தாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மூன்று மாதம் கழித்து, "அப்பாவின் அந்தக் கடிதம் எங்கே?" என்று தேடும்போது பழைய டிஸ்க் கையில் இருந்தால் யூஎஸ்பி உறை ஒன்றில் செருகி எடுத்துவிடலாம். ஃபார்மட் ஆகியிருந்தால் மீட்பு மென்பொருளை நம்பி இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்காவது ஓரளவு திருப்பித் தரும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அழித்த இடங்களை அது பின்னணியில் வெறுமையாக்கிவிடும். அங்கே மீட்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

ஆனால் பழைய டிஸ்க் அலமாரியில் இருக்கிறதே என்று நகல் எடுக்காமல் விடக் கூடாது. இத்தனை வருடம் ஓடிய டிஸ்க் அது. எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் வேலையாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். நீலத்தில் "நல்லது" என்று வந்தால் சரி. மஞ்சளில் "எச்சரிக்கை" வந்தால் அன்றே படங்களை எடுத்துவிடுங்கள். டிஸ்க் "டிக் டிக்" என்று தட்டும் சத்தம் கொடுத்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அதற்கு மேல் அதை ஓடவிடுவது தட்டையே சுரண்டிவிடலாம். அந்த நிலையில் தரவு மீட்புக் கூடத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி.

இப்போது எதை எடுப்பது என்று பார்ப்போம். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் பெயரில் உள்ளதை முழுவதுமாக எடுங்கள். டாக்குமென்ட்ஸ் அதில் ஒரு பகுதி மட்டுமே. டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் அதே ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. நம் வீடுகளில் முக்கியமானவை பெரும்பாலும் இந்த இரண்டில்தான் கிடக்கும். அப்பாவுக்குக் கணினியில் தனிப் பெயரில் பயனர் கணக்கு இருந்தால் அவருடைய ஃபோல்டரும் வேண்டும். டி டிரைவ் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். பழைய கேமராவிலிருந்து இறக்கிய படங்களைப் பலர் அங்கேதான் போட்டிருப்பார்கள். அப்புறம் சி டிரைவை நேரடியாகத் திறந்து, விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் தவிர வேறு என்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்கேனர் தன் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கலாம். கணக்கு எழுதும் மென்பொருள் ஏதாவது போட்டிருந்தால், அது தன் தரவுத்தளத்தை டாக்குமென்ட்ஸில் வைக்காமல் தன் சொந்த ஃபோல்டரில் வைத்திருக்கும். அதை வெறுமனே நகல் எடுத்தால் திறக்காமல் போகலாம். அந்த மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் (காப்பு நகல்) என்று ஒரு வசதி இருக்கும், அதைக் கொண்டு எடுங்கள்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்களை மறந்துவிடாதீர்கள். கூகுள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவு (சின்க்) இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். அவுட்லுக்கில் மின்னஞ்சல் வைத்திருந்தால் அஞ்சல்கள் அடங்கிய பிஎஸ்டி கோப்பைத் தேடி எடுக்க வேண்டும். வருமான வரிக்காக ஸ்கேன் செய்து வைத்த ரசீதுகள் இருந்தால் அவற்றுக்குத் தனி ஃபோல்டர் போடுங்கள். வரி வாரியம் ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். உங்கள் ஊர்க்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்டவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பத்திரத்தை இன்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பின் பெயர் "ஸ்கேன்001" என்று இருப்பதாலேயே குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் திறந்து பாருங்கள்.

அடுத்து, தமிழ் எழுத்துரு. கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், பேக்கப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளிலும் இது இருக்காது. உங்கள் அப்பாவின் கோயில் கணக்கைக் காப்பாற்றுவதே இதில்தான் அடங்கியிருக்கிறது.

எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் என்ற பொதுமுறை பரவலாவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஏதாவது ஓர் எழுத்துருக் குறியீட்டைப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான் பள்ளிகளிலும் சங்கங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் அதிகம் புழங்கியது. அந்தக் காலக் கோப்புகளில் பெரும்பாலும் தமிழ் எழுத்து என்று எதுவும் இருக்காது. ரோமன் எழுத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய எண்கள்தான் இருக்கும். அந்த எண் வரும் இடத்தில் "க" என்றோ "ழு" என்றோ வடிவத்தைக் காட்டுவது கணினியில் நிறுவிய எழுத்துரு. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை என்றால் கணக்கு முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அதில் ஒரு எழுத்துகூடக் கெட்டிருக்காது, எழுத்துரு மட்டும்தான் இல்லை.

அதனால் பழைய கணினி ஓடும்போதே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், அதை முழுவதும் நகல் எடுங்கள். விண்டோஸ் 10 வந்த சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் வேறு இடத்துக்குப் போகத் தொடங்கின. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று இறங்கிப் போக வேண்டும். மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி எக்ஸ்புளோரரில் "வியூ" பகுதியில் மாற்றிக்கொண்டால்தான் கண்ணில் படும். இரண்டாவது, அப்பாவின் முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அச்சிடும் கட்டளை கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பிடிஎஃப் எழுத்தின் வடிவத்தையும் தன்னோடு எடுத்துப்போகும். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும். கோப்புகள் நிறைய இருந்தால் வேலை நீளும், மறுக்கவில்லை. மகளை உட்கார வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியுங்கள், தாத்தா எழுதியதை அவளும் படித்த மாதிரி இருக்கும். மூன்றாவது, நேரம் கிடைத்தால் அந்த உரையைக் குறியீட்டு மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக மாற்றி வையுங்கள். பிடிஎஃப்பில் படிக்கத்தான் முடியும். யூனிகோடில் இருந்தால் தேடலாம், திருத்தலாம்.

எதில் நகல் எடுப்பது? பெண்ட்ரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான். வருடக்கணக்கில் வைக்க 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். பழைய பெண்ட்ரைவ்கள் ஃபேட்32 என்ற முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கல்யாண வீடியோவை ஏற்றும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று வருவது அதனால்தான். நகல் எடுத்து முடிந்ததும் மூல ஃபோல்டர், நகல் ஃபோல்டர் இரண்டிலும் வலது கிளிக் செய்து பண்புகளைப் பாருங்கள். கோப்பு எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போக வேண்டும். பத்துப் பதினைந்து குறைந்தால் எது விட்டுப்போனது என்று தேடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

எண்ணிக்கை சரியாக இருப்பதும் போதாது. அந்த வெளி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போய், வேறொரு லேப்டாப்பில் செருகித் திறந்து பாருங்கள். மிகப் பழைய படம் ஒன்று, மிகப் பெரிய வீடியோ ஒன்று, எக்செல் கணக்கு ஒன்று, தமிழில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று. நான்கும் திறந்தால்தான் நீங்கள் பேக்கப் எடுத்திருக்கிறீர்கள் என்று நான் ஒத்துக்கொள்வேன். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகல் எடுத்ததாக நம்பி, திறந்து பார்க்காமல், ஃபார்மட் முடிந்த பிறகு ஃபோல்டர் காலியாக இருப்பதைக் கண்டு அழுதவர்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். லயங்கள் இடிபட்டுவிட்டன, செம்பனை நட்டுவிட்டார்கள், சில இடத்தில் கோயிலும் இடம் மாறிவிட்டது. அந்தப் படங்களை இனி யாராலும் மறுபடி எடுக்க முடியாது.

ஒன்டிரைவிலோ கூகுளிலோ, அதாவது இணையத்தில் உள்ள மேகச் சேமிப்பில், இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இலவசமாக ஒன்டிரைவ் 5 ஜிபி, கூகுள் 15 ஜிபிதான் தரும். அது ஒத்திசைவுதான்; கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், பூட்டிய கோப்பையே அது மேலே ஏற்றிவிடும். குப்பைத் தொட்டியிலிருந்து 30 நாளைக்குள் திருப்பி எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் நாம் கவனிப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மேகத்தில் ஒரு நகல் இருக்கட்டும், வீட்டில் வெளி டிஸ்க் ஒன்று இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஈப்போவில் உறவினர் வீடு இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள். நம் ஊர்ப் பக்கம் பிற்பகல் இடிமழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மோடம் வழியாகவும் மின்னல் இறங்கும். எப்போதும் கணினியில் செருகியே வைத்திருக்கும் வெளி டிஸ்க் கணினியோடு சேர்ந்தே போய்விடும். வேலை முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

சரி, நிறுவும் வேலைக்கு வருவோம். எந்த விண்டோஸ் போடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்ளும். உங்களுடையது ஏழாம் தலைமுறை. ரூஃபஸ் போன்ற கருவியால் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவலாம், கடைக்காரர் செய்யப்போவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வங்கி வேலை பார்க்கும் குடும்பக் கணினியில் எனக்கு அது பிடிக்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவது நல்லது. 4 ஜிபி ரேமில் ஓடும், தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு, ஆவணம் எழுத லிப்ரேஆஃபிஸ் கூடவே வரும். உங்கள் கணக்கு மென்பொருள் அதில் ஓடாது என்பது மட்டும்தான் சிக்கல்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 10க்கான மீடியா கிரியேஷன் டூல் என்ற கருவியை இறக்கி, 8 ஜிபி அல்லது பெரிய பெண்ட்ரைவில் நிறுவல் கோப்பை ஏற்றுங்கள். பெண்ட்ரைவில் இருந்த எல்லாம் அழிந்துவிடும், அதனால் வெறும் பெண்ட்ரைவாக இருக்கட்டும். இறக்கம் பல ஜிபி வரும். உங்கள் பக்கம் ஃபைபர் வராமல் கைப்பேசி டேட்டாவை நம்பியிருந்தால் டவுனில் யாராவது வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். கணினியின் வைஃபை, லேன் டிரைவர்களையும் (அவற்றை இயக்கும் மென்பொருள்களையும்) உற்பத்தியாளர் தளத்திலிருந்து இறக்கி இன்னொரு பெண்ட்ரைவில் வையுங்கள். புது விண்டோஸ் வந்த பிறகு இணையமே இல்லாமல், இணையத்துக்கான டிரைவரைத் தேடி அலையும் நிலை வரக் கூடாது. விண்டோஸ் சாவி எண்ணைத் தேட வேண்டியதில்லை. நேர்மையாக வாங்கிய விண்டோஸ் 10 ஒருமுறை செயலாகியிருந்தால் உரிமம் மதர்போர்டோடு (கணினியின் முதன்மைப் பலகையோடு) இணைந்துவிடும். டிஸ்க் மாறினாலும் போகாது. சாவி கேட்கும் இடத்தில் "என்னிடம் சாவி இல்லை" என்பதை அழுத்திவிட்டு, முன்பு இருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோமை, தேர்ந்தெடுங்கள். கடையில், உரிமம் இல்லாமலே விண்டோஸைச் செயலாக்கும் "ஆக்டிவேட்டர்" ஓட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்டுவார்கள், அதன் வழியாக என்ன உள்ளே வருகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கேபிள் இருக்கும். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தரவுக்கு. இரண்டையும் எடுத்துப் புது எஸ்எஸ்டியில் செருகினால் போதும். அப்போது கணினிக்குள் அந்த ஒரு டிஸ்க்தான் இருக்கும், வெளி டிஸ்க்கும் செருகியிருக்கக் கூடாது. நிறுவும்போது "எங்கே நிறுவுவது" என்று ஒரு பட்டியல் வரும். 500 ஜிபி எஸ்எஸ்டி அங்கே 465 என்று தெரியும், 1 டிபி டிஸ்க் 931 என்று தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுவதும் விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுவதும்தான் வித்தியாசத்துக்குக் காரணம். பட்டியலில் 931 தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, எந்த டிஸ்க் இன்னும் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் "டிலீட்" அழுத்தினால், ஒருமுறை உறுதி கேட்பதைத் தவிர வேறு தடை ஒன்றும் இல்லை.

கணக்கு மென்பொருளின் நிறுவல் டிஸ்க் தொலைந்துபோயிருந்தால் மட்டும் வழி வேறு. அப்போது புதிதாக நிறுவாமல், அதே அளவோ பெரியதோ ஆன எஸ்எஸ்டி வாங்கி, குளோன்ஸில்லா அல்லது ரெஸ்கியூஸில்லா என்ற மென்பொருளைக் கொண்டு பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்துவிடலாம். மென்பொருள், எழுத்துரு, அமைப்பு எல்லாமே வந்துவிடும். பழைய குப்பையும் கூடவே வரும், ஆனால் எஸ்எஸ்டியின் வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது.

மகளின் லேப்டாப்பைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது விண்டோஸ் 11 என்பதால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, மீட்புச் சாவி என்ற 48 இலக்க எண்ணைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸில் ஏதாவது மாறினாலோ மதர்போர்டு பழுதானாலோ அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருக்கும் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது. அதை மீண்டும் நிறுவும்போது டிஸ்க்கே பட்டியலில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பதினொன்றாம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்களில், டிஸ்க்கை அடையாளம் காட்டும் விஎம்டி என்ற இன்டெல் டிரைவரைப் பெண்ட்ரைவில் வைத்து "டிரைவரை ஏற்று" என்று காட்டினால்தான் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும்.

புது விண்டோஸ் வந்ததும் முதலில் எழுத்துருக்களைத் திரும்ப நிறுவி, அப்பாவின் கணக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் மற்றவற்றை ஏற்றலாம். பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி ஒட்டி, ஆறு மாதமாவது யாரையும் தொடவிடாதீர்கள். நடுவில் கடைக்காரரோ வேறு யாரோ "இதைப் படம் சேமிக்கப் பயன்படுத்தலாமே" என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.